ஆம்பூர் கிளைச் சுவரில் பத்துப் பேர்

போன மாதம் எங்கள் வங்கியின் வேலூர் மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினார். கட்டடப் பிரிவில் நான் பல வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருப்பவர் அவர். இனி திறக்கும் எல்லாக் கிளைகளிலும் அந்தந்த ஊரின் வரலாற்றைச் சுவரில் வரைய வேண்டும் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்திருக்கிறதாம். பெரிய அதிகாரி ஒருவர் ஆம்பூர் கிளைக்கு வந்து அரை மணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, எல்லா ஊரிலும் இப்படியே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"ஆம்பூர் ஃபைலை எடுத்துப் பாத்தேன் மேடம். உள்ள நாலு பேப்பர்தான் இருக்கு. எப்படிச் செஞ்சீங்கன்னு ஒண்ணுமே இல்லயே" என்றார்.

உண்மைதான். பெயின்ட் எவ்வளவு, பலகை எவ்வளவு, அனுமதி யார் கொடுத்தது, இவை மட்டும்தான் ஃபைலில் ஏறின. ஏறாமல் போனதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் அரக்கோணம் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தவள். பரீட்சை எழுதி அதிகாரியானதும் கட்டடப் பிரிவில் போட்டார்கள். யாரும் விரும்பிக் கேட்டு வருகிற இடமில்லை அது. கடன் பிரிவுக்காரரைத் தேடி ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். எங்களைத் தேடி வருவது ஒழுகும் கூரையும் அடைத்துக்கொண்ட கழிவறையும்தான். லாக்கர் அறைச் சுவருக்கு எத்தனை அங்குலக் கனம், சக்கர நாற்காலி ஏறும் சரிவு எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் கொத்தனார்களிடமும் எலக்ட்ரீஷியன்களிடமும் கேட்டுக் கேட்டே கற்றேன்.

மண்டல மேலாளராக சபாபதி சார் வந்த பிறகுதான் என் வேலை வேறு மாதிரி ஆனது. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எஃகு டேப் ஒன்று சுருண்டிருக்கும். குரலை உயர்த்த மாட்டார். பாராட்டவும் மாட்டார், திட்டவும் மாட்டார். ஃபைலில் எழுதியது அவருக்குச் சரியாகப் படவில்லை என்றால் ஓரத்தில் பச்சை மையில் 'பேசுக' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அந்த ஒரு சொல்லைப் பார்த்தால் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. உள்ளே போனால் உட்காரச் சொல்வார், தண்ணீர் கொண்டுவரச் சொல்வார், அதன் பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். பெரும்பாலும் அது "நேர்ல பாத்தீங்களாம்மா?" என்பதாக இருக்கும்.

கிளைகளில் ஊர் வரலாற்றை வரையலாம் என்பது அவர் யோசனை. அதுவரை எங்கள் கிளைகள் எல்லாவற்றிலும் ஒரே பனிமலை, ஒரே அருவி. அச்சடித்து ஒட்டிய படங்கள். வேலூர் வெயிலில் நடந்து வந்து வரிசையில் நிற்பவருக்குப் பனிமலை எதற்கு என்று கேட்டார்.

முதலில் ஒடுகத்தூர் கிளை. சென்னையிலிருந்து ஓவியர் ஒருவரை அழைத்து வந்தோம். மலை, மழை மேகம், கீழே கடலைக் கொல்லை. ஒரே வாரத்தில் முடித்துக்கொடுத்துவிட்டுப் போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. திறந்த அன்று காலை வரிசையில் நின்றிருந்த ஓர் அம்மா படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம், "இன்னாக்கா இது, கடலை கெளையில காய்ச்சுத் தொங்குது?" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. சாயங்காலம் வரை வருகிறவர் எல்லாம் சிரித்துவிட்டுப் போனார்கள். மண்ணுக்குள் விளைகிற கடலையை அவரைக்காய் மாதிரி கொத்துக் கொத்தாக வரைந்து வைத்திருந்தார் அந்த ஓவியர். அவருக்குத் தெரியவில்லை. கூட இருந்த எனக்குமா கண் தெரியவில்லை?

சபாபதி சாரும் அந்த வரிசையில்தான் நின்றிருந்தார். திரும்பி வரும்போது ஜீப்பில், "வரையறதுக்கு முன்னாடியே அந்தம்மாவைப் பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். எங்கள் நடைமுறை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்ததுதான்.

அதற்குப் பிறகு எந்தக் கிளையாக இருந்தாலும் முதல் வேலை, நானும் அவரும் போய் வாடிக்கையாளர்களோடு அரை மணி நேரம் வரிசையில் நிற்பது. நிற்கிறவர்களின் கண் எந்தச் சுவருக்குப் போகிறதோ அதுதான் படத்துக்கான சுவர். மேனேஜர் அறைச் சுவரை எத்தனை மேனேஜர்கள் கேட்டும் அவர் கொடுத்ததில்லை. டேப்பை எடுத்துத் தரையிலிருந்து தன் கண் வரை அளப்பார், பிறகு என் கண் வரை அளப்பார். என் அளவைத்தான் எழுதச் சொல்வார். "பொம்பளைங்கதான் ஜாஸ்தி வர்றாங்க" என்பார். பிறகு அந்தச் சுவரில் ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுவோம். மறுநாள் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட சுவரில் நேராக வரையாமல் சிமென்ட் பலகை அடித்து அதன் மேல் வரைவோம்.

படத்தில் வரும் ஒவ்வொரு விஷயத்தையும் ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு வீடுகளில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். கடைசியாக, முழு அளவில் பென்சில் படம் போட்டுக் கிளையில் பதினைந்து நாள் மாட்டி வைக்க வேண்டும். பக்கத்தில் கயிறு கட்டிய நோட்டும் பேனாவும் இருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியவரை நான் நேரில் போய்ப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

இப்படி ஆறு கிளைகள் முடித்தோம். எதிலும் பெரிய சிக்கல் வரவில்லை. ஏழாவதுதான் ஆம்பூர். எனக்கு ஓய்வு பெற அப்போது சில மாதங்களே இருந்தன.

ஆம்பூர் கிளை புதுக் கட்டடத்துக்கு மாறுவதாக இருந்தது. வரைவதற்கு நசீர் பாய் கிடைத்தார். ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வரைகிறவர். ஒரு ஷூவைப் பிரித்துத் தட்டையாக விரித்தால் எத்தனை துண்டு வரும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். பாலாற்றில் தோல் அலசுவதில் தொடங்கி, தோல் பதனிடக் குவித்த ஆவாரம் பட்டை, தோல் ஊறும் தொட்டிகள், இயந்திரங்கள், காலையில் ஷூ கம்பெனி வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்கள் என்று இடமிருந்து வலமாக வரைந்திருந்தார். நடுவில் ஒரு பழைய புகைப்படத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். தோல் பதனிடும் பழைய டேனரி ஒன்றில் எடுத்த படம் அது. டேனரியைத் தொடங்கியவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பின்னால் ஒன்பது பேர் நிற்பார்கள். படத்தின் அடியில் உட்கார்ந்திருப்பவரின் பெயர் மட்டும் இருந்தது. அவருடைய பேரன் ஷபீர் அகமது தன் அலுவலகத்தில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்து உதவினார்.

பென்சில் படத்தைப் பழைய கட்டடத்தில் மாட்டினோம். முதல் வாரம் நோட்டைப் படிப்பதே சந்தோஷமாக இருந்தது. "ஆற்றில் தண்ணீர் வரைந்திருக்கிறீர்கள். இது எந்த ஊர் ஆறு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பஸ்ஸில் இறங்கும் பெண்கள் கையில் சாப்பாட்டுப் பையைக் காணோமே என்று ஒரு பெண் எழுதியிருந்தார். நசீர் பாய் அன்றைக்கே பைகளை வரைந்தார், ஆற்றையும் ஒரு முனையில் மணலாக்கினார். பிரியாணி எங்கே என்று பலர் கேட்டிருந்தார்கள். அதற்கு மட்டும் சபாபதி சார் அசையவில்லை.

ஒன்பதாம் நாள் பக்கத்தில் அழகான, சாய்வில்லாத கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. "படத்தில் மூன்றாவதாக நிற்பவர் என் அப்பா. அவரை எடுத்துவிடுங்கள்." கீழே, கஸ்தூரி, தலைமையாசிரியை என்று பெயரும் முகவரியும்.

அதே நாளில் ஷபீர் அகமதுவும் கிளை மேனேஜரிடம் பேசியிருந்தார். தாத்தாவைக் கொஞ்சம் பெரிதாக வரையலாமே, பின்னால் இருப்பவர்கள் கூட்டமாகத் தெரிகிறார்கள் என்றாராம். மேனேஜருக்கு ஒரே நிம்மதி. "ரெண்டு பேரும் ஒண்ணையேதான் கேக்கறாங்க மேடம். பின்னாடி வரிசையை எடுத்துட்டா பேஜார் தீந்துது" என்றார்.

நடைமுறைப்படி கஸ்தூரி டீச்சரைப் பார்க்கப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு போனேன். ஐம்பதை நெருங்கும் வயது. கசங்காத பருத்திப் புடவை. எனக்கு டீ சொல்லிவிட்டு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கதவைச் சாத்தியபோதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

இப்போது அவருடன் வீட்டில் இருக்கும் அப்பா, அந்த டேனரியில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிப் பக்கம் வேலை செய்தவர். எத்தனை முறை குளித்தாலும் அந்த வாடை போகாது. வீட்டிலும் துணியிலும் இவருடைய புத்தகப் பையிலும் அது இருந்தது. ஆறாம் வகுப்பில் இவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு பிள்ளைகள் உட்காரவில்லை. அந்த வகுப்பு டீச்சரும் உட்காரச் சொல்லவில்லை. படித்து முடித்து, வேலைக்குப் போய், வெளியூர்களில் இருந்துவிட்டு, சொந்த ஊருக்கே தலைமையாசிரியையாகத் திரும்பியிருக்கிறார். அப்பா என்ன வேலை செய்தார் என்று இங்கே யாரும் கேட்டதில்லை. இவரும் சொன்னதில்லை.

"என் பிள்ளைங்களோட அப்பா அம்மா எல்லாம் உங்க பேங்க்லதான் வந்து நிக்கறாங்க. அவங்க பாக்கற சுவத்துல எங்கப்பா இடுப்புல ஒரு துண்டோட நிக்கணுமா? சொல்லுங்க மேடம், உங்கப்பா இன்னா வேலை செஞ்சாரு? அவரை வரைஞ்சு மாட்டுவீங்களா?"

அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் "ரயில்வேயில் இருந்தார்" என்று சொல்லியே பழகியவள் நான். எடுத்துவிடுகிறோம் டீச்சர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் வேலூர் வந்து சேரும் வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது.

மறுநாள் ஃபைலில் எழுதினேன். புகார் நியாயமானது, ஒருவரை மட்டும் எடுத்தால் இடைவெளி தெரியும், எனவே பின்வரிசை முழுவதையும் நீக்கலாம் என்று பரிந்துரை செய்தேன். மத்தியானம் ஃபைல் திரும்பி வந்தது. பச்சை மையில் 'பேசுக'.

உட்காரச் சொன்னார். தண்ணீர் வந்தது.

"நேர்ல பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் சார். ஸ்கூலுக்கே போய்ப் பாத்தேன்."

"யாரை?"

"கஸ்தூரி டீச்சரை."

ஃபைலை மூடி என் பக்கம் நகர்த்தினார். "படத்துல நிக்கறது அவங்களா?"

நான் எழுந்துகொண்டேன். கதவருகே போனபோது, பழைய அருவிப் படம் ஒன்று ஸ்டோரில் இருக்கிறது, திறப்பு விழாவுக்குள் முடியவில்லை என்றால் அதையே மாட்டிவிடலாம், அவசரமில்லை என்றார். அவர் அவசரமில்லை என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஐந்து வாரம்தான் இருந்தது.

மறுபடி பள்ளிக்கூடம். என்னைப் பார்த்ததும் டீச்சரின் முகம் மாறியது. எடுப்பதாகச் சொல்லிவிட்டு எதற்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லாம போய்ட்டேன் டீச்சர். எங்கப்பா காட்பாடியில ரயில் பெட்டி கழுவினாரு. கக்கூஸையும் சேத்துதான். ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்ல. உன்னை வரையட்டுமாப்பான்னு அவர்கிட்ட இனிமே கேக்க முடியாது. நீங்க கேக்கலாம்."

அவர் மேஜை மேலிருந்த பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது என்றார். சரி என்றேன்.

டீச்சரின் அப்பா பெயர் முனிரத்தினம். எண்பதைத் தாண்டியவர். குள்ளம். தோள் மட்டும் இன்னும் அகலமாக இருந்தது. புகைப்படத்தைச் செய்தித்தாள் அளவுக்குப் பெரிதாக்கி எடுத்துப் போயிருந்தேன். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் மூன்றாவது ஆளைத் தொட்டுக் காட்டி, இது நீங்கள்தானே ஐயா என்று கேட்டேன்.

"இது நான் இல்ல" என்றார்.

சமையலறை வாசலில் நின்றிருந்த கஸ்தூரி டீச்சர் முன்னால் வந்தார். "மூணாவது ஆளுப்பா. மீசை, வகிடு எல்லாம் உன்னுதுதான்."

"இது ஏழுமலைம்மா. ஒடுகத்தூர்க்காரன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி மீசை வெச்சினு திரிவோம், யாருக்கு எடுப்பா இருக்குதுன்னு பாக்க. நான் இதோ கீறேன்." விரல் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றது. ஆறாவது ஆள். உட்கார்ந்திருந்தவரின் தலைப்பாகையும் நாற்காலியின் உயர்ந்த முதுகும் மறைத்தது போக, பாதி முகம்தான் தெரிந்தது.

டீச்சர் அந்தப் பாதி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்துவிடுங்கள் என்று அவர் எழுதிக் கொடுத்தது வேறு யாருடைய அப்பாவையோ. தன் அப்பாவின் இருபது வயது முகம் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் கண்ணைப் பார்க்காமல் நான் நோட்டைத் திறந்துகொண்டேன்.

பெரியவர் வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். முதலாவது காதர். அடுத்தது ஜோசப், பட்டை இடிப்பவர். யார் எந்த ஊர், யார் யாருக்குச் சம்பந்தி, யார் நன்றாகப் பாடுவார் என்பது வரை சொன்னார். கடைசி ஆளிடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "இவன் எங்க ஆளே இல்ல. தாமோதரன். போஸ்ட்மேன். லெட்டர் குடுக்க வந்தவன், போட்டோ புடிக்கறாங்கன்னு தெரிஞ்சதும் சைக்கிளைச் சாத்திட்டு வந்து நின்னுக்கினான்."

உங்களையெல்லாம் வங்கிச் சுவரில் வரையலாமா என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வரைங்க. ஆனா தப்பா வரையாதீங்க" என்றார்.

பென்சில் படத்தின் போட்டோவை என் செல்போனில் காட்டினேன். தோலில் ஒட்டிய சதையை ஒருவர் கத்தியால் வழித்து எடுப்பது போல ஒரு பகுதி இருந்தது. அதைப் பார்த்து முகம் சுளித்தார். இப்படிப் பிடித்தால் தோல் கிழிந்துவிடும் என்றார். எழுந்து தலையணையை எடுத்து நாற்காலி முதுகின் மேல் போட்டார். சப்பாத்திக் கட்டை ஒன்று கொண்டுவரச் சொன்னார். மகள் கொண்டுவந்து கொடுத்தார். அதன் இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்து, இடுப்பால் தலையணையை அழுத்திக்கொண்டு குனிந்து, மேலிருந்து கீழே ஒரே வழிப்பு. மறுபடி ஒன்று. தோளும் முதுகும் சேர்ந்து ஒரே அலையாக இறங்கின. எண்பது வயது உடம்பு அது என்று அந்த நேரத்தில் யாரும் சொல்ல முடியாது.

"வீட்ல ஒரு நாள்கூட இதைச் சொன்னதில்லயேப்பா" என்றார் டீச்சர்.

"வீட்டுக்கு எடுத்தாற வேலையா அது? அங்கயே கழுவி உட்டுட்டு வருவேன். அப்பவும் வாடை கொஞ்சம் கூடவே வந்துடும்."

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஷபீர் அகமது கேட்டிருந்ததைச் சொன்னேன். அவர்தான், ஷபீரைப் பார்க்க எப்போது போகிறீர்கள், அப்பாவையும் அழைத்து வருகிறேன் என்றார்.

ஷபீர் அகமது மரியாதை தெரிந்தவர். பெரியவரைப் பார்த்ததும் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். பின்வரிசையைப் பற்றி அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தாத்தா நன்றாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். முனிரத்தினம் ஐயா அசல் படத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தச் சேர் போட்டோக்காரன் கொண்டாந்தது தம்பி. உங்க தாத்தா உக்காந்து நான் பாத்ததே இல்ல. கைலியைத் தூக்கிக் கட்டினு எங்களோட தொட்டியில எறங்கிடுவாரு. வலது மணிக்கட்டுல சுண்ணாம்பு சுட்ட தழும்பு இருக்கும். அன்னிக்கு முழுக்கைச் சட்டை போட்டு மறைச்சினாரு."

அந்தத் தழும்பு சின்ன வயதில் அடுப்பில் சுட்டுக்கொண்டது என்றுதான் ஷபீர் வீட்டில் எல்லோரும் சொல்வார்களாம். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார்.

"மேடம், சேரை எடுத்துடலாமா? தாத்தாவை அவங்களோட நிக்க வைங்க. சட்டைக் கையை மடிச்சு விட்டு."

எனக்கு நசீர் பாயிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் நடைமுறை நடைமுறைதான். ஒருவர் சொன்ன பெயர்களை இன்னொரு வீட்டில் உறுதி செய்யாமல் முகங்களுக்குக் கீழே எழுத முடியாது. இரண்டு சனிக்கிழமைகளும் இரண்டு ஞாயிறுகளும் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். பாதி நாள் டீச்சரும் கூட வந்தார். ஒடுகத்தூரில் ஏழுமலையின் மருமகள் படத்தைப் பார்த்த உடனே முந்தானையால் துடைத்து, மாமனார் என்றார். மாமனார் இருக்கும் படம் என்று அந்த வீட்டில் ஒன்றுமே இல்லையாம். ஒரு பிரதி கொடுத்துவிட்டு வந்தோம். பத்துப் பெயரும் உறுதியாயின, போஸ்ட்மேன் உட்பட.

அப்போதுதான் கடைசி முட்டுக்கட்டை. உயிரோடு இருப்பவர்கள் பெயரைக் கிளைச் சுவரில் எழுதக் கூடாது என்று தலைமை அலுவலகத்தின் விதி ஒன்று உண்டு. அதிகாரிகள் தங்கள் பெயரில் கல்வெட்டு வைத்துக்கொள்ளும் ஆசையை அடக்குவதற்காகப் போட்டது. கிளை மேனேஜர் அதை எடுத்துக் காட்டினார். இறந்துபோன ஒன்பது பேரின் பெயரை எழுதிவிட்டு, உயிரோடு இருக்கும் முனிரத்தினம் ஐயாவின் பெயரை மட்டும் விட்டுவிடுவதா? நான் ஃபைலை எடுத்துக்கொண்டு சபாபதி சாரிடம் போனேன். இந்த முறை அவர் என்னை அழைக்கவில்லை, நானாகவே போனேன். விதியை இரண்டு தடவை படித்தார். பச்சைப் பேனாவைத் திறந்து அவரே குறிப்பு எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் வாய்விட்டுச் சொன்னார்.

"பேரும் அடையாளமும் இல்லாத ஆளுக்கு நாம கணக்கே தொறக்கறதில்ல. சுவத்துல மட்டும் எப்படிம்மா ஏத்துறது? இது கௌரவிக்கறது இல்ல, அடையாளம். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

போஸ்ட்மேனை என்ன செய்வது என்று கேட்டேன். அவரும் ஊர்க்காரர்தானே என்றார். ஆட்சேபனை இல்லை என்று ஒற்றை வரியில் தலைமை அலுவலகத்தின் பதில் வந்தபோது திறப்பு விழாவுக்குப் பதினோரு நாள் இருந்தது.

நசீர் பாய் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்தார். சிமென்ட் பலகைகளில் நூல் கட்டிக் கட்டம் போட்டு, பேட்டர்ன் வெட்டுவது போலவே ஒவ்வொரு கட்டமாக முடித்தார். பட்டைத் தண்ணீரின் நிறம் சரியாக வரவில்லை என்று எங்கிருந்தோ ஆவாரம் பட்டை கொண்டுவந்து பக்கெட்டில் ஊறவைத்து, அதைப் பார்த்துப் பார்த்துப் பெயின்டைக் கலந்தார். நாற்காலியை எடுத்ததும் புதுப் பிரச்சினை ஒன்று முளைத்தது. அது மறைத்திருந்த முனிரத்தினம் ஐயாவின் மறுபாதி முகத்தை இனி வரைந்தாக வேண்டும். புகைப்படத்தில் அது இல்லை. பெரியவரின் கன்னமோ ஒட்டிப் போயிருந்தது.

நசீர் பாய் தயங்கித் தயங்கிக் கேட்டார். "டீச்சர், ஒரு மணி நேரம் உக்கார முடியுமா? தாடையும் கன்னமும் அப்படியே அவரோடது உங்களுக்கு."

ஒரு மணி நேரம் என்றது மூன்று மணி நேரமானது. கஸ்தூரி டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆறாவது ஆளின் இடப்பக்கம் புகைப்படத்தில் இருந்து வந்தது. வலப்பக்கம் மகளிடமிருந்து வந்தது.

திறப்பு விழாவுக்குத் திரை வேண்டாம் என்று சபாபதி சார் சொல்லிவிட்டார். விளக்கேற்றினார்கள், இரண்டு பேர் பேசினார்கள், கவுன்ட்டர்கள் திறந்தன. முனிரத்தினம் ஐயா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஷபீர் அவருக்குப் பக்கத்தில். பதினொரு மணி வாக்கில் கஸ்தூரி டீச்சர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்தார். பிள்ளைகள் படத்துக்கு முன்னால் நின்று பெயர்களை உரக்கப் படித்தார்கள். முனிரத்தினம் என்பவர் என்ன வேலை செய்கிறார் மிஸ் என்று ஒரு பெண் கேட்டாள்.

டீச்சர் குரலைத் தாழ்த்தவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும் குரலிலேயே சொன்னார். "அவர் எங்கப்பா. சுண்ணாம்புல ஊறின தோலைச் சதை வழிச்சுச் சுத்தம் பண்ணாரு. ஆம்பூர்ல அவர் கை பட்ட தோல் ஒண்ணுகூடக் கிழிஞ்சதில்லன்னு சொல்வாங்க. அதோ உக்காந்திருக்காரு. போய் எப்படின்னு கேளுங்க."

பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் எழுந்து நின்று, இல்லாத கத்தியை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். வரிசையில் நின்றிருந்த ஒருவர் மெதுவாக விலகி வந்து ஜோசப் என்ற பெயருக்குக் கீழே விரலை வைத்து, எங்க பெரியப்பா என்றார். புர்கா அணிந்த ஓர் அம்மா காதரின் முகத்தைத் தன் பேத்திக்குக் காட்டினார். யாரோ செல்போனில், நீ கெளம்பி பேங்குக்கு வா, நம்ம தாத்தா இங்க கீறாரு என்று சொல்லிக்கொண்டிருந்தார். சபாபதி சார் ஓரமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு தடவை தலையை அசைத்தார். அவரோடு வேலை செய்த அத்தனை வருடத்தில் அவர் எனக்குக் கொடுத்த ஒரே பாராட்டு அதுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கவுன்ட்டருக்கு மேலே எண் மாறியது. ஒலிபெருக்கி ஒரு டோக்கனை அழைத்தது. மறுபடியும் அழைத்தது. காசாளர் எழுந்து கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை அழைத்தும் யாரும் கவுன்ட்டர் பக்கம் வரவில்லை. எல்லோரும் சுவரின் முன்னால் நின்றிருந்தார்கள்.